இடுப்புக் கயிறும் ஓடாத முள்ளும்

எழுபதுகளின் நடுவில், மாவுக்கும் பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலத்தில், இலங்கை மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் நான் உதவியாளனாக இருந்தேன். புண் கழுவுவேன், மாத்திரை எண்ணுவேன், டாக்டரையா இல்லாத நேரத்தில் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பேன். ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாத வயது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து சத்துணவு ஆராய்கிறவர்கள் வந்தார்கள். கைக்கு அடக்கமான வட்டக் கடிகாரங்கள் இருபதை என்னிடம் கொடுத்தார்கள். நேரம் காட்டாது, இடுப்பில் மாட்டிக்கொண்டு நடந்தால் எத்தனை அடி வைத்தோம் என்று முள் காட்டும். கூடவே ஒரு தாள். இத்தனை அடி நடந்தால் உடம்பு இத்தனை கலோரியை எரிக்கும் என்று அதில் போட்டிருந்தது. எரிப்பது அதிகமாகவும் சாப்பிடுவது குறைவாகவும் உள்ள பன்னிரண்டு பெண்களுக்கு மாதாமாதம் சத்துமா வரும். பட்டியல் வெள்ளிக்கிழமை பகல் லொறியில் நுவரெலியாவுக்குப் போயாக வேண்டும்.

"கொக்கியை மாட்டி நிமிர்த்தித் தொங்கவிட வேண்டும், நீயே மாட்டிவிடு" என்று சொல்லித்தான் போனார்கள். கொழுந்து பறிக்கிற பெண்களின் இடுப்பில் நான் எப்படிக் கை வைப்பேன்? கூச்சத்தில், அவரவர் கையிலேயே கொடுத்துவிட்டேன்.

கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரே சிரிப்பு. "தம்பி, இத எம்புருசனுக்குக் கட்டி விடுங்க. பொழுதன்னைக்கும் எங்க சுத்துறாருன்னு நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றார் ஒருவர். "ஒம்புருசன் எங்க நடக்குறாரு, படுத்துல்ல கெடக்குறாரு" என்று பின்னாலிருந்து இன்னொரு குரல்.

மாலையில் அதே மடுவத்தில் நின்று முள்ளைப் பார்த்து எழுதினேன். எல்லோருக்கும் பத்தாயிரத்தைத் தாண்டி ஓடியிருந்தது. ஒருவருக்கு மட்டும் ஆயிரத்துச் சொச்சம். கைக்குழந்தைக்காரி. மூத்ததுகள் வேறு இரண்டு. மறுநாளும் அப்படியே. தாளில் தேடிப் பார்த்தால், அவர் எரித்த கலோரி வீட்டில் சும்மா இருப்பவரைவிடக் கொஞ்சம்தான் கூட.

நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னக்கா, மலைக்குத்தான் போனீங்களா, இல்ல தேயிலைக்குள்ள படுத்துத் தூங்கிட்டு வந்தீங்களா?" என்று எல்லோரும் கேட்க வாய்விட்டேன். சிரித்தார்கள். அவர் கடிகாரத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு கூடையோடு போனார். பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை பட்டியலைத் திருத்தி எழுத உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. எழுந்தேன், ஜன்னலைப் பார்த்தேன், உட்கார்ந்தேன். முந்தின நாள் கொழுந்து நிறுத்தபோது அவருடைய கூடையைத் தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது ஞாபகத்துக்கு வந்தது. நடக்காமல் அத்தனை கொழுந்தை எப்படிப் பறிப்பது? லொறி வர இரண்டு மணித்தியாலம்கூட இல்லை. ஒரு கடிகாரத்தை என் இடுப்பில் மாட்டிக்கொண்டு எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினேன். தேயிலை நட்ட இடமெல்லாம் எங்களுக்கு மலைதான். ஆனால் எட்டாம் நம்பர் நிஜமாகவே மலை. பாதியிலேயே எனக்கு மூச்சு வாங்கியது. ஏற்றத்துக்கும் தலையிலிருந்து முதுகில் தொங்கும் கூடைச் சுமைக்கும் அந்தத் தாளில் இடமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

அவர் எனக்கு முன்னால் அடுத்த தேயிலை நிரைக்கு ஏறிக்கொண்டிருந்தார். செடி கீறாமலிருக்க இடுப்பைச் சுற்றிய படங்குச் சாக்கின் மேல், கொக்கிகூட நுழையாத இறுக்கத்தில் ஒரு கயிறு. நிமிர்ந்து தொங்க வேண்டிய கடிகாரம் சாக்குக்கும் கயிற்றுக்கும் நடுவில் படுத்துக் கிடந்தது. அவர் ஏறுகிறார், முள் அசையவில்லை. என்னுடையது டிக் டிக்கென்று ஓடுகிறது.

"அக்கா, கயித்தக் கொஞ்சம் தளத்தி, கொக்கிய மாட்டுங்க. அப்பதான் ஆடும்" என்றேன்.

"வேணாம் தம்பி. இப்பிடியே இருக்கட்டும்."

பக்கத்து நிரையில் பறித்துக்கொண்டிருந்தவர் பொறுக்கவில்லை. "அவ எப்பிடி தம்பி தளத்துவா? ரொட்டிய புள்ளைகளுக்குக் குடுத்துட்டு வெறுஞ்சாயத் தேத்தண்ணியக் குடிச்சிட்டு வாறவ. வயித்த இறுக்கிக் கட்டுனாத்தானே மல ஏற முடியும்?"

"ஏய், வாய மூடிக்கிட்டு ஒன் நெரயப் பாரு" என்று அக்கா அதட்டினார். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கை மட்டும் கொழுந்தை ஒடித்துக்கொண்டே இருந்தது.

கீழே லொறியின் ஹோர்ன் கேட்டது. விழுந்தடித்து இறங்கினேன், முழங்கால் சிராய்த்தது. அவர் பெயரைப் பட்டியலில் முதலாவதாக எழுதினேன். அடி என்ற கட்டத்தில் எண் வேண்டுமே? பொய் எழுத மனம் வரவில்லை. 'கருவி ஓடவில்லை. இடுப்புக் கயிறு இறுக்கம். காரணம் பசி' என்று எழுதி லொறிக்காரரிடம் நீட்டினேன்.

இப்படி எழுதியதை ஏற்பார்களா, கிழித்துப் போடுவார்களா? மூன்று வாரம் எனக்கு எதிலும் மனம் நிலைக்கவில்லை. லொறிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினேன். ஒருநாள் சத்துமா மூட்டைகள் இறங்கின. பன்னிரண்டு பெயரில் முதல் பெயர் அவருடையது.

மாவை வாங்க வந்தபோது கேட்டார்: "என்னா தம்பி, தூங்கிட்டு வந்தவளுக்கும் குடுப்பீங்களா?" நான் குனிந்து மாவை அளந்தேன். பிறகு அவரே சிரித்தார். "அந்தக் கடியாரத்த அடுத்த மாசம் கொண்டாங்க. அப்ப ஓடுதான்னு பாப்போம்."

இன்று என் மகள் தன் மணிக்கட்டுக் கடிகாரத்தைப் பார்த்து, இத்தனை அடி நடந்தேன், இத்தனை கலோரி போனது என்கிறாள். சந்தோஷம்தான். ஆனால் யாரைப் பற்றியாவது ஒரு எண்ணைக் காட்டி இவ்வளவுதான் என்று யார் சொன்னாலும், அந்தக் கயிறு எவ்வளவு இறுக்கமாகக் கட்டியிருந்தது என்று கேட்காமல் என்னால் இன்றைக்கும் இருக்க முடிவதில்லை.