டிக்கிக்குள் கிடந்த பேட்டரி

என் வீட்டுக்காரர் கல்ஃபிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் முதல் வேலை காரைத் தள்ளுவதுதான். எங்கள் ஊரான புதுக்கடைப் பக்கம் எங்களைப் போன்ற பல வீடுகளில் இதே கதை. ஓட்டுகிற ஆள் கடலுக்கு அப்பால் இருப்பார். கார் போர்ச்சில் உறையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். அவர் வாடகைக் காரில் வந்து இறங்குவார். மறுநாள் தெருவே சேர்ந்து எங்கள் காரைத் தள்ளும்.

இந்தத் தடவை நானே ஓட்டிப் போய் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் நிற்க வேண்டும் என்று ஆசை. பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். நாலு பேர் கூடுகிற இடத்தில் வாய் திறக்கமாட்டேன். ஆனாலும் அவருக்குத் தெரியாமல் டிரைவிங் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டேன். எங்கள் காரையும் கொஞ்ச நாள் ஓட்டிப் பழகினேன். பிறகு மழை பிடித்துக்கொண்டது, கார் மறுபடி தூங்கப் போய்விட்டது.

அவர் வருவதற்கு முந்தின நாள் காலையில் சாவியைத் திருகினேன். சின்னதாக ஒரு சத்தம், அவ்வளவுதான்.

பக்கத்து வீடு என் வீட்டுக்காரரின் அக்காவுடையது. நான் மைனி என்பேன். மதிலுக்கு மேலே தலை வந்தது.

“என்னட்டி, காரு எழும்பல்லியா? வாடகைக் காருக்கு விளிச்சுச் சொல்லட்டா?”

“வேண்டாம் மைனி.”

மெக்கானிக் வந்து பானெட்டைத் திறந்தார். குனிந்து தேடினார். “அக்கா, இதுல பேட்டரியே இல்லியே. கள்ளன் கொண்டு போயிட்டானா?” என்றவர், பிறகு தானே தலையில் தட்டிக்கொண்டார். பழைய வெளிநாட்டு மாடல் அது. பேட்டரி பின்னால் டிக்கியின் தரைக்கடியில் இருக்கிறதாம். டிக்கியைத் திறக்க ஒரு சுவிட்ச். சுவிட்சுக்குக் கரண்ட் வேண்டும். கரண்ட் பேட்டரியில். சாவித் துவாரமோ உப்புக்காற்றில் துருவேறி அடைத்திருந்தது.

“பெட்டிக்க சாவிய பெட்டிக்குள்ளயே வச்சுப் பூட்டுன மாதிரியாக்கும்” என்று அவர் சிரித்தார்.

பின்சீட்டை மடக்கி உள்ளே ஊர்ந்து போய் பூட்டின் கம்பியை இழுக்க வேண்டும். அவர் தன் வயிற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நான் போனா, பின்ன காரை வெட்டித்தான் என்னை எடுக்கணும்.”

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஓடாத கார்தானே என்று எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தின் கிறிஸ்துமஸ் சாமான்களை எல்லாம் நானும் மைனியும் அந்த டிக்கியில்தான் அடைத்திருந்தோம்.

உள்ளே தலையை விட்டேன். காகித நட்சத்திரத்தின் முனை கன்னத்தில் குத்தியது. மைனி பின்னாலிருந்து டார்ச் அடித்தார்.

“ஏட்டி, அந்த தெர்மாகோல் ஆட்டுக்க காலை ஒடிச்சிராத!”

“எனக்க காலு ஒடிஞ்சா?”

“அதை ஆசுபத்திரில ஒட்டுவாவ.”

கம்பி கைக்கு வந்தது. இழுத்தேன். டிக்கி திறந்து முகத்தில் வெயில் அடித்தது. நான் எழுந்தபோது தேவதைச் சிறகு ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்தது. ரோட்டில் கூடையோடு நின்ற மீன்காரப் பெண் நெஞ்சில் கை வைத்தார். “ஆண்டவரே, சம்மனசெல்லாம் இப்பம் டிக்கியிலயா குடியிருக்கு?” இன்னொரு நாளாக இருந்தால் வெட்கத்தில் வீட்டுக்குள் ஓடியிருப்பேன். அன்று டிக்கியிலேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

சாமான்களை எல்லாம் வீட்டுக்குள் இறக்கி வைத்தோம். பழைய பேட்டரியைக் கழற்றி மெக்கானிக் தன் பைக்கில் கட்டிக்கொண்டார். மைனியின் ஸ்கூட்டரில் நாங்கள் இருவரும் பின்னால் போனோம். குழித்துறைக் கடைக்காரர் ஒரு பேட்டரியை எடுத்து மேசைமேல் வைத்தார். மெக்கானிக் அளவைப் பார்த்தார். பிளஸ் முனை பழையதில் இருந்த பக்கமே இருக்கிறதா என்று பார்த்தார். டிக்கி மூடிய இடம் என்பதால் வாயு வெளியேற குழாய் மாட்டும் ஓட்டை வேண்டும், அதையும் பார்த்தார். எல்லாம் சரி. எனக்கு மட்டும் அதன்மேல் இருந்த தூசி பிடிக்கவில்லை. பால் பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி திருப்பிப் பார்த்தேன்.

“இது எப்பம் செய்தது?”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம்.

“கெட்டுப்போக இது என்ன பாலா அக்கா?”

“சும்மா இருந்தே கெட்டுப்போன ஒண்ணைத்தான் இப்பம் கழத்திக் கொண்டு வந்திருக்கோம்.”

கடையே சிரித்தது. கடைக்காரரும் சிரித்துவிட்டு உள்ளே போனார். போன மாதம் செய்ததும் வாரண்டி கூடுதலாக உள்ளதுமான ஒன்றைத் தூக்கி வந்தார். மீட்டர் வைத்துக் காட்டினார். அதையே வாங்கினேன். சாயங்காலம் மெக்கானிக் அதை மாட்டியதும், திருகிய முதல் திருகிலேயே கார் உறுமியது.

மறுநாள் மைனியைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டிப் போய்ச் சேர்ந்தேன். விமானம் தாமதம். வெயிலில் கார் நெடுநேரம் நின்றது. திரும்பவும் கிளம்புமா என்று சாவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் வெளியே வந்து வாடகைக் கார் டிரைவரைத் தேடினார். என்னைக் கண்டார். என் கையில் சாவியைக் கண்டார். பெட்டிகளை டிக்கியில் வைத்தார். ஓட்டுகிற பழக்கத்தில் வலப்பக்கக் கதவுக்கு வந்தார். அங்கே நான் உட்கார்ந்திருந்தேன். சிரித்துக்கொண்டே காருக்குப் பின்னால் போய்ச் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

“தள்ளணுமா?”

“ஏலே, தள்ளண்டாம். ஏறி பெல்ட்டப் போடு” என்றார் மைனி.

நான் சாவியைத் திருகினேன். ஒரே திருகுதான்.