முப்பதாம் நாள் அட்டை

என் மாமியாரின் முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அச்சடித்தோம். வெளிநாட்டு உறவுகளுக்கும் அனுப்ப வேண்டும், ஆங்கிலத்திலேயே இருக்கட்டும் என்றார் என் கணவர். திண்டுக்கல்லில் இருபது வருடமாக ஆங்கிலப் பாடம் நடத்துகிறவள் நான். எங்கள் வீட்டு அட்டை என் கண்ணில் படாமல் அச்சேறிவிடுமா?

அச்சகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் வந்த புரூஃபில் ‘டாட்டர்-இன்-லாஸ்’ என்று இருந்தது. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பலராக இருப்பது மருமகள்கள், சட்டம் அல்ல. எஸ் டாட்டரோடுதான் சேர வேண்டும். பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லி அலுத்த பாடம். கடைக்காரருக்குப் போன் போட்டு ஒரு வகுப்பே எடுத்துவிட்டேன். “சரிங்க டீச்சர், மாத்திர்றேன்” என்றார், பாவம்.

பெயர்களை எங்கள் குடும்ப வழக்கப்படி என் கணவர் எழுதிக் கொடுத்திருந்தார்: மகன் பெயர், எதிரே அவன் மனைவி பெயர். என் கொழுந்தன் இறந்து ஆறு வருடமாகிறது. இறந்தவரை இருப்பவர்களோடு சேர்த்து எழுதக் கூடாது என்று அவன் பெயரை விட்டார். அதோடு அவன் மனைவி பெயரும் போய்விட்டது. படுக்கையில் கிடந்த மாமியாரைக் கடைசி நான்கு வருடம் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, மலம் அள்ளியவள் அவள். மூன்று மருமகள்களில் இருவர் பெயர்தான் இருந்தது. இருவர் என்றாலும் பன்மைதானே. எஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் இல்லாதது தெரியவில்லை.

பூசையன்று மாதா கோயில் வாசலில் அட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். என்னிடம் ஒன்றை நீட்டி, மெதுவாகக் கேட்டாள்.

“எழுத்துக் கூட்டிக் கூட்டிப் பாத்தேன்க்கா. எம் பேரு இல்லையே. எம் வீட்டுக்காரவுக போனதும் நானும் இந்த வீட்டுல இல்லாமப் போயிட்டேனா?”

வெட்கத்தில் எனக்கு உடம்பு கூசியது. “இத யாருக்கும் குடுக்க வேணாம், இங்க தா” என்று அட்டைக் கட்டைப் பிடித்தேன்.

“இருக்கட்டும்க்கா. அத்தைக்காகச் செபிக்க வந்தவுகள வெறுங்கையோட அனுப்பக் கூடாது” என்று அவள் விடவில்லை.

எரியோட்டிலிருந்து வந்த தூரத்து உறவுக்காரர் ஒருவர் அட்டையை வாங்கி, நின்று நிதானமாகப் பெயர்களைப் படித்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“நீங்க அவுகளுக்கு என்ன வேணும்மா?”

அவள் என்னைப் பார்த்தாள். நான்தான் சொல்லியிருக்க வேண்டும். நான் அட்டையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். அவளே சொல்லிவிட்டாள்.

“கூட இருந்து பாத்துக்கிட்டவ.”