வெள்ளை வேனில் உதட்டுச்சாயம்

திங்கட்கிழமை விடிந்தால் ஆக்யாவுக்கு வேன் கழுவுகிற வேலை வந்துவிடும். டச்சு ஊரான ஃப்ளார்டிங்கனில் அவளும் கணவனும் நடத்திய ரொட்டிக்கடையின் வெள்ளை வேனில்தான், தோள்வரை முடி வளர்த்த மகன் லம்பர்ட்டும் கூட்டாளிகளும் வாரக்கடைசியில் கித்தாரும் டிரம்மும் ஏற்றிக்கொண்டு அப்போது இளசுகளைப் பித்தாக்கிய பீட் இசை வாசிக்கப் போவார்கள். ரேடியோவில் அவர்கள் பாட்டு ஒன்று வந்ததிலிருந்து, போகிற ஊரிலெல்லாம் பெண்பிள்ளைகள் வேன் முழுக்க உதட்டுச்சாயத்தால் பெயரும் இதயமுமாகக் கிறுக்கி அனுப்பினார்கள். வெறும் சோப்புக்கு அது அசையாது. ரொட்டிக்குச் சேர்க்கும் மார்கரின் கொழுப்பைத் தடவி, சலவைச் சோடா கலந்த வெந்நீர் ஊற்றித் தேய்க்க வேண்டும்.

"எந்தச் சிறுக்கிடா இது, கூரை மேலகூட ஏறி எழுதியிருக்கா? முதல்ல அந்த முடிய வெட்டித் தொலைடா, எல்லாம் சரியாப் போகும்!" என்று மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்துவாள். உள்ளிருந்து லம்பர்ட் சிரிப்பது கேட்கும்.

மூன்று கோடை இப்படிப் போனது. பிறகு ஜனங்களுக்கு வேறு மாதிரிப் பாட்டு பிடித்துப்போனது. கிறுக்கல் ஒரு கதவோடு நின்றது. அப்புறம் ஒற்றை இதயமாகச் சுருங்கியது. ஒரு திங்களன்று வேனில் வழிச்சேற்றைத் தவிர ஒன்றுமே இல்லை.

ஆக்யா நிமிர்ந்தாள். ஜன்னலில் மகன் நின்றிருந்தான். சட்டென்று மார்கரினை அள்ளி, ஒன்றும் எழுதாத கதவை அழுத்தித் தேய்த்தாள். "எந்தச் சிறுக்கிடா இது..." என்று ஆரம்பித்தாள். வழக்கமான காரம் குரலில் ஏறவில்லை.

அவன் இறங்கி வந்து பிரஷ்ஷை வாங்கிக்கொண்டான்.

"விடும்மா. அதுல ஒண்ணுமில்ல. நாளைலேருந்து இந்த வேன்ல வீடு வீடா ரொட்டி போட நானே போறேன். மத்தியானம் போய் முடி வெட்டிக்கிறேன்."

"முடி இருக்கட்டும்டா" என்றாள் ஆக்யா.