திக்கல் யாரிடமிருந்து வந்தது

இன்று முதலில் கவனித்தது அக்கா மகளின் வலது காலை. சொல் சிக்கும்போதெல்லாம் அது தரையைத் தட்டுகிறது. என் காலும் அப்படித்தான்.

மூன்று வயதுப் பிள்ளை. பகலில் அவளைப் பார்த்துக்கொள்வது நான். அவளுக்குத் திக்க ஆரம்பித்ததும், "இவளப் பாத்துப் பழகினது" என்று அக்காவின் மாமியார் சொல்லிவிட்டார். பிள்ளையின் நாக்கில் வசம்பும் தேய்த்துப் பார்த்தார்.

இன்று நாகர்கோவிலில் டாக்டர் சொன்னார்: "பாத்துப் பழகி வர்றது இல்லம்மா. பெரும்பாலும் ஜீன் வழியா, குடும்பத்துல வரும். பேச்சை நடத்துற மூளை நரம்புகளோட இணைப்பு கொஞ்சம் வேற மாதிரி இருக்கும்."

வகுப்பில் பெயர் கூப்பிடும்போது பதில் சொல்லப் பயந்து, எட்டாவதோடு பள்ளியை விட்டவள் நான். இது என் குற்றமில்லை என்று முதல் தடவையாக ஒருவர் சொன்னார்.

திரும்பும்போது, கொட்டாரம் பஸ்ஸில் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏட்டி, டாக்டர் சொன்னத வீட்டுல சொல்லாத. நம்ம ரத்தத்துல உள்ளதுன்னு தெரிஞ்சா எனக்க மாமியா என்னையும் பிள்ளையையும் அனுப்பிருவா. ஒன்னப் பாத்துப் பழகினதாவே இருக்கட்டு. நீ இனி வீட்டுக்கு வரண்டாம், மக்கா."

என் மடியிலிருந்த பிள்ளை "சி... சி..." என்று கூப்பிட முயன்றாள். 'சித்தி' என்ற சொல் வரவில்லை. அவள் கால் என் முழங்காலைத் தட்டியது.

நான் அக்காவைப் பார்த்துத் தலையாட்டினேன். தலையாட்டும்போது யாருக்கும் திக்காது.