முட்டைச் சம்பளக் கிளப்

என் தங்கை மகன் பெங்களூரில் கூரைக்குக் கீழே கால்பந்து ஆடுகிறான். பகலில் கணினி வேலை, சாயங்காலம் சம்பளத்துக்குப் பந்து. தங்க வயலிலிருந்து காலை ரயிலில் போய் இரவு ரயிலில் திரும்பும் பிள்ளைகளில் இவன் ஒருவன்தான் வீங்கிய கணுக்காலோடு வீடு வந்து சேருகிறான். போன மாதம் அவனுடைய கிளப்பின் வரலாறு என்று ஒரு பக்கத்தைக் கொண்டுவந்து நீட்டினான்.

"பெரியம்மா, சும்மா ஒருதரம் பாத்துக் குடுங்க."

நான் கோலார் நீதிமன்ற அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். என்னிடம் காகிதத்தை நீட்டி 'சும்மா' என்பது, கசாப்புக் கடைக்காரரிடம் ஆட்டைக் கொடுத்து சும்மா பிடித்துக்கொள்ளச் சொல்வது போல. முதல் வரியே ஆட்சேபணைக்கு உரியதாக இருந்தது. மாநிலத்தின் முதல் தொழில்முறை உள்ளரங்கக் கால்பந்து கிளப்பாம். ஆதாரம் இணைக்கப்படவில்லை. எதிர்த்தரப்பை விசாரிக்கவில்லை. எதிர்த்தரப்பு நான்தான். இவன் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே தங்க வயலின் நந்திதுர்க் சுரங்கக் குடியிருப்பில் அப்படி ஒரு கிளப் இருந்தது; அதில் நான் சம்பளத்துக்கு வேலை பார்த்தேன். ஆட்டத்துக்கு ஓர் அவித்த முட்டை.

கிளப்பை நிறுவியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. சுரங்கத்தில் வேலை, எங்கள் வீட்டில் சாப்பாடு, மற்ற நேரமெல்லாம் பந்து. எங்கள் வரிசை வீடுகளுக்குப் பின்னால் இருந்த மைதானம் ஒரு பக்கம் சரிந்திருக்கும். சரிவின் முடிவில் சயனைடு மேடு. தங்கத்தை எடுத்துக்கொண்டு கம்பெனி கொட்டிய மண், பக்கத்தில் குன்றாக வளர்ந்து நின்றது. மழைக்காலத்தில் அதன் அடிவாரம் சேறாகிவிடும். பந்து உருண்டு அதற்குள் போனால் போனதுதான். எடுக்கப் போனவரின் செருப்பும் சேர்ந்து போகும்.

அப்படி மூன்றாவது பந்தும் புதைந்த அன்று மாமாவின் கண்ணில் மரக்கொட்டகை பட்டது. சுரங்கத்துக்குள் முட்டுக் கொடுக்கும் மரங்களை அடுக்கிவைக்கிற பெரிய தகர ஷெட் அது. அப்போது முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. நாலு பக்கமும் தகரச் சுவர். பந்து எங்கே ஓடும்? சுவரில் பட்டுத் திரும்பி வந்தே ஆகவேண்டும். சுவரில் பட்டாலும் பந்து ஆட்டத்தில்தான் இருக்கிறது என்று மாமா விதி செய்தார். வெளிதேசத்தில் இப்படித்தான் ஆடுகிறார்களாம். எந்தத் தேசத்தில் என்று கேட்டால் "அங்க" என்பார். அங்கே கோல் போட்டவர் மகிழ்ச்சியில் மைதானத்தையே ஒரு சுற்று சுற்றி ஓடுவாராம். ஷெட்டுக்குள் அதற்கு இடமில்லை. "நல்ல கோலா ஒண்ணு போட்டு, ஒரு நாளைக்கு வெளிய ஓடிக் காட்டறேன் பாரு பாப்பா" என்று எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார்.

கிளப் தொழில்முறை கிளப்பாக இருக்கவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "சம்பளம் இல்லாம ஆடினா அது பொழுதுபோக்கு. சம்பளம் வாங்கி ஆடினாத்தான் ப்ரொஃபஷனல்" என்பது அவருடைய சட்டம். சம்பளத்துக்கான நிதி அம்மாவின் கோழிகளிடமிருந்து வந்தது. ஆட ஐந்து பேர், மணி அடிக்க நான், ஆக சனிக்கிழமை தோறும் ஆறு முட்டை. அதற்காக வாரம் முழுவதும் முட்டைகள் அரிசிப் பானைக்குள் சேமிக்கப்பட்டன. இந்த ஏற்பாட்டில் பாதிக்கப்பட்ட ஒரே நபர் அப்பா; அவரும் சுரங்கத்தில்தான் வேலை பார்த்தார். கிளப் தொடங்கிய நாளிலிருந்து அவர் தட்டில் முட்டை விழவில்லை.

"இன்னாமே இது, சம்பாதிக்கிறவனுக்கு ரசம், பந்து ஒதைக்கிறவனுக்கு முட்டையா?"

"அவன் ஒதைக்கிறதுக்குத்தான் சம்பளமாமே. நீயும் போய் ஒதை" என்பாள் அம்மா.

"ஒதைக்கணும்னுதான் இருக்குது. பந்தை இல்ல."

மாமா காதில் விழாதவர் போல இன்னொரு கவளம் வாயில் போட்டுக்கொள்வார்.

என் வேலையைப் பற்றிச் சொல்லவேண்டும். பந்து தகரத்தில் மோதும் சத்தத்தில் விசில் கேட்காது. அதனால் ஒரு தண்டவாளத் துண்டை உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டு, என் கையில் ஓர் இரும்புக் கம்பியைக் கொடுத்தார்கள். சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜுக்கு மணிதான் கட்டளை. ஒரு மணி அடித்தால் நில். அதையே மாமா ஆட்டத்துக்கும் எடுத்துக்கொண்டார். ஒரு மணி அடித்தால் ஆட்டம் நிற்கும், அடிக்கும்வரை நிற்காது. நாலாம் வகுப்பு படிக்கும் பெண்ணை ஏன் வைத்திருக்கிறாய் என்று யாரோ கேட்டதற்கு, "அதுக்கு ஆட்டம் புரியாது. அதனால பட்சபாதம் வராது" என்று மாமா பதில் சொன்னார். பின்னாளில் பல நியமனங்களின் காரணக் குறிப்புகளைப் படித்திருக்கிறேன். இவ்வளவு நேர்மையான ஒன்றை எங்கும் பார்த்ததில்லை.

சிக்கல் ஸ்டோர் ஐயாவின் வடிவில் வந்தது. கம்பெனி ஸ்டோரும் அதோடு இந்த ஷெட்டும் அவர் பொறுப்பில் இருந்தன. அவரிடம் அனுமதி கேட்க யாருக்கும் தோன்றவில்லை. ஒரு சனிக்கிழமை அவர் உள்ளே நுழைந்தபோது பந்து அவருடைய தொப்பியை முறைப்படி தட்டிவிட்டுச் சுவரில் பட்டுத் திரும்பியது. அங்கேயே கிளப் முடிந்திருக்கும். ஆனால் அவருடைய மருமகன் பெங்களூரில் ஓர் ஆலை அணிக்கு ஆடிக்கொண்டிருந்தார். இது ப்ரொஃபஷனல் கிளப் என்று மாமா சொன்னதும் ஸ்டோர் ஐயாவின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"வர்ற சனிக்கிழமை எங்க மாப்பிள்ளை டீமை வரச்சொல்றேன். நீங்க ஜெயிச்சா சனிக்கிழமைக்கு சனிக்கிழமை ஷெட் உங்களுக்கு. தோத்தா பூட்டு போட்டு சாவியை எடுத்துக்கினு போயிடுவேன். நான்தான் ரெஃபரி."

மாமா சரி என்றார். அதன் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை தனக்கு மத்தியான ஷிப்ட் என்பது அவருக்கு நினைவு வந்தது. லீவு கேட்டார், மறுத்துவிட்டார்கள். இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கிளப் போனால் என் முட்டையும் போகும் என்பதால் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மூன்றாம் நாள் அப்பா, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "ஒன் ஷிப்ட நான் போறேன். டயம் ஆபீஸ்ல சொல்லிட்டேன்" என்றார்.

மாமா கையில் எடுத்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தார். "நான் எறங்குற எடம் ரொம்ப அடியில மாமா. ஒங்க லெவல் மாதிரி மேல இல்ல."

"எனக்குத் தெரியாதா? ஷெட்டப் பூட்டிட்டா நீ வூட்டுக்குள்ளயே ஆடுவ. பானை சட்டிக்கு ஆபத்து. அதுக்குத்தான்."

எனக்கு அந்தக் காரணம் மிகவும் நியாயமாகப் பட்டது.

பெங்களூர்க்காரர்கள் ஒரே நிறச் சட்டையும், பாலீஷ் போட்ட பூட்ஸுமாக வந்து இறங்கினார்கள். எங்கள் ஐவரில் மூவருக்குத்தான் காலில் ஏதாவது இருந்தது. ஷெட்டைச் சுற்றி நந்திதுர்க்கே கூடிவிட்டது. அம்மா அவித்த முட்டைகளை ஒரு தூக்குப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டு வாசல் ஓரமாக நின்றாள். ஆட்டம் முடிந்த கையோடு சம்பளப் பட்டுவாடா.

விருந்தினர்கள் நன்றாக ஆடினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சுவர் என்று ஒன்று இருப்பது அவர்களுக்குப் பழக்கமில்லை. பந்து சுவரில் பட்டதும் ஆட்டம் நின்றுவிட்டதாக நினைத்து இடுப்பில் கைவைத்து நிற்பார்கள். அதற்குள் மாமா தானே சுவருக்கு அடித்து, தானே போய் வாங்கிக் கோலுக்குள் அடித்திருப்பார். "ரெஃபரி சார், இது இன்னா ஆட்டம், கேரம் போர்டா?" என்று மருமகன் கத்தினார். ரெஃபரி மருமகனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், கோலைக் கொடுத்தார். பிறகு அவர்களும் சுவரைக் கற்றுக்கொண்டார்கள். மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. அடுத்த கோல்தான் தீர்ப்பு என்பதுபோல் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள்.

அப்போதுதான் தரை ஆடியது.

எங்கள் ஊரில் தரை ஆடுவது செய்தி அல்ல. கீழே தோண்டிய பாறை எங்காவது வெடித்து இறங்கும், பர்ஸ்ட் என்பார்கள். அலமாரித் தட்டுகள் கடகடக்கும். அம்மா ஒரு கையால் விளக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் குழம்பைக் கிண்டுவாள். தட்டுகள் நின்றதும் கையை எடுப்பாள். அன்று சற்றுப் பலமாகவே ஆடியது. தகரம் முழுவதும் ஒரே சமயத்தில் அலறியது. உத்தரத்திலிருந்து தூசி கொட்டியது.

பெங்களூர் அணி, கோல்காவலர் உட்பட, ஒரே பாய்ச்சலில் ஷெட்டை விட்டு வெளியேறியது. அதற்குப் பிறகு இன்றுவரை அவ்வளவு ஒற்றுமையான அணியை நான் பார்த்ததில்லை. எங்கள் ஆட்கள் ஆட்டத்தை நிறுத்தவில்லை, மணி அடிக்கவில்லையே. மாமா பந்தைச் சுவரில் தட்டினார், திரும்பி வந்ததை வாங்கினார், ஆளில்லாத கோலுக்குள் அடித்தார். நாலுக்கு மூன்று.

யாரும் கைதட்டவில்லை.

எனக்கு எரிச்சலாக இருந்தது. விதி தெரியாத கூட்டம் என்று நினைத்தேன். எல்லோரும் தலையைச் சற்றுச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். விபத்து என்றால் சுரங்கத்தில் சங்கு ஊதும். ஊதவில்லை. ஊதாத சங்கை ஏன் இவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. மாமா கோல் போட்ட இடத்திலேயே நின்று அம்மாவைப் பார்த்தார். அம்மா தூக்குப் பாத்திரத்தை இரண்டு கையாலும் மார்போடு பிடித்திருந்தாள்.

பிறகு மாமா வாசல் வழியாக வெளியே ஓடினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. வாக்குக் கொடுத்த ஓட்டம்! அங்கே ஓடுவார்களே, அது! நான் கம்பியைப் பிடித்துக்கொண்டே "மாமா! மாமா!" என்று கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். ஒரு சுற்று என்றவர் சுற்றவே இல்லை. நேராகச் சுரங்க வாயிலான ஷாப்டைப் பார்த்து ஓடினார், வெறுங்காலோடு, சரளைக் கல் மேலே. எனக்குப் பின்னால் அம்மா, அவளுக்குப் பின்னால் ஊர். இவ்வளவு பெரிய வெற்றி ஊர்வலம் எந்தக் கிளப்புக்கும் கிடைத்திருக்காது என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஷாப்டின் உச்சியில் சக்கரம் சுழன்றுகொண்டிருந்தது. அடியில் இருந்தவர்களை மேலே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முதல் கேஜ் வந்தது. இறங்கியவர்களில் ஒருவர், "பர்ஸ்ட் ஆனது பழைய இடத்துலதான், ஆளு இல்லாத பக்கம்" என்றார். கூட்டம் இறங்கியவர்களின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தது. இரண்டாவது கேஜ் வந்தது. உடம்பெல்லாம் சாம்பல் பூசியதுபோல் தூசியோடு, கடைசி ஆளாக அப்பா இறங்கினார்.

மாமா அவரை இடுப்போடு சேர்த்துத் தூக்கிவிட்டார். அப்போதுதான் கூட்டம் கத்தியது. என்ன கத்தல்! கோல் விழுந்து இவ்வளவு நேரம் கழித்தா என்று எனக்குத் தோன்றியது. ஆனாலும் வராமல் போவதைவிடத் தாமதமாக வருவது மேல் என்று மன்னித்துவிட்டேன்.

"எறக்குடா. இன்னா, கோல் போட்டியா?" என்றார் அப்பா, மேலே இருந்தபடியே.

மாமா பிடியை விடவில்லை. நான்தான் சொன்னேன். "நாலுக்கு மூணுப்பா. ஆனா ஆட்டம் முடியல. நான் இன்னும் மணி அடிக்கல."

அப்பா சிரித்த சிரிப்பில் அவர் மீசையிலிருந்து தூசி உதிர்ந்தது.

ஸ்டோர் ஐயாவுக்கு விதிச் சிக்கல். மணி அடிக்காததால் கோல் செல்லும்; ஆனால் ஆட்டம் தொடர்ந்தாகவேண்டும். ஏன் மணி அடிக்கவில்லை என்று என்னை விசாரித்தார். எதற்கு அடிக்கவேண்டும் என்று நான் திருப்பிக் கேட்டேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. மருமகன்தான் வழக்கை முடித்துவைத்தார். "அந்த ஷெட்டுக்குள்ள திரும்ப நாங்க வரமாட்டோம் சார். அவங்களே ஜெயிச்சதா வச்சிக்கோங்க." ஷெட் எங்களுக்குக் கிடைத்தது. அதன்பிறகு அதில் மரம் நிரம்பும்வரை கிளப் நடந்தது. அந்த ஒரு ஆட்டத்துக்கு மட்டும், முறைப்படி பார்த்தால், இன்னும் மணி அடிக்கப்படவில்லை.

மற்ற நான்கு ஆட்டக்காரர்களும் ஷாப்ட் வாசலிலேயே சம்பளம் வாங்கிக்கொண்டு போனார்கள். மீதி இரண்டு முட்டையோடு வீட்டுக்கு வந்தோம். ராத்திரி சாப்பாட்டில் மாமா தன் முட்டையை மெதுவாக உரித்து, அப்பாவின் தட்டில் வைத்தார்.

"நான் எங்கடா ஆடினேன்?" என்றார் அப்பா.

"சாப்பிடுங்க மாமா."

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஆடாதவருக்குச் சம்பளம் கிடையாது என்பது மாமா போட்ட சட்டம். அப்பா ஒரு உதைகூட உதைக்கவில்லை, ஆட்டத்தைப் பார்க்கக்கூட இல்லை என்று ஆட்சேபித்தேன்.

"வாய மூடிக்கினு துன்னுடி" என்றாள் அம்மா.

அப்பா முட்டையைப் பாதியாகப் பிட்டு ஒவ்வொரு வாயாக நிதானமாகச் சாப்பிட்டார். அம்மாவும் மாமாவும் தங்கள் தட்டைத் தொடவில்லை, அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மனிதர் முட்டை தின்பதில் அப்படிப் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தபடி, நான் என் சம்பளத்தை உப்பில் தொட்டுச் சாப்பிட்டு முடித்தேன்.