சுவருக்குள் இருந்த விதைநெல்

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். எங்கள் கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக் கிராமங்களைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். மாணவர்கள் ஆளுக்கொரு கிராமத்தில் பத்து நாள் தங்கி, யாரிடம் நிலம் இருக்கிறது, என்ன விளைகிறது, யார் கூலிக்குப் போகிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது கண்டாச்சிபுரத்துக்குக் கிழக்கே ஒரு சிற்றூர். நான் திண்டிவனத்துக்காரன். நம் பக்கத்து ஜனங்கள்தானே என்று, பெட்ரோல் இல்லாமல் கரிப்புகையில் ஓடிய கரி பஸ்ஸில் போய் இறங்கினேன்.

வசதியான குடியானவர் ஒருவர் தன் வீட்டு முன்னறையில் இடம் கொடுத்தார். வேளைக்குச் சோறும் வந்தது. ஆனால் முதல் நாளே எனக்கு உறுத்தியது. எந்த வீட்டில் கேட்டாலும் மழை இல்லை, நெல் பதராகிவிட்டது, கேப்பையைப் பூச்சி தின்றுவிட்டது என்றார்கள். வார்த்தைகூட மாறவில்லை. ஏரியிலோ தண்ணீர் நிறையக் கிடந்தது. மூன்றாம் நாள் சீக்கிரம் எழுந்தபோதுதான் புரிந்தது. நான் போவதற்கு முன்பே என் குடியானவர் வீடு வீடாகப் போய், என்னிடம் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்துகொண்டிருந்தார். சர்க்கார் ஆட்கள் வந்து நெல்லை எடுத்துக்கொண்டு போன காலம் அது. காகிதமும் பென்சிலுமாக வந்த என்னை அவர்களுடைய ஆள் என்றே ஊர் நினைத்தது.

சேரியில் யாரும் பொய் சொல்லவில்லை, வாயே திறக்கவில்லை. செடியிலிருந்து மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, ஆய்ந்துகொண்டிருந்த ஒரு பெண் மட்டும், “இதெல்லாம் எழுதிக்கினு போய் யார்கிட்ட குடுப்பீங்க?” என்று கேட்டாள்.

“எங்க வாத்தியார்கிட்ட.”

“அவரு யார்கிட்ட குடுப்பாரு?”

நான் தாளை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன்.

அவள் புருஷன் என் குடியானவரிடம் பண்ணை வேலை செய்தவர். நான் தங்கியிருந்த குடியானவர் வீட்டு உள்ளறையில் ஒரு மண்சுவர் இன்னும் ஈரமாக இருந்தது. வெளியே நீளமாகத் தெரிந்த அறை உள்ளே குட்டையாக இருந்தது. யாரும் எனக்குச் சொல்லவில்லை, சாப்பிட்டுக்கொண்டே நானாகக் கண்டுபிடித்தேன். ‘விளைச்சல் சொன்னதைவிட அதிகம். புதுச் சுவர்களுக்குப் பின்னால் தானியம் இருக்கலாம்’ என்று கடைசி நாளில் எழுதினேன். என் சாமர்த்தியத்தில் எனக்கே பெருமை.

ஒரு மாதம் கழித்து, அந்தப் பக்கத்து மல்லாட்டை வியாபாரி ஒருவர் திண்டிவனத்தில் சொன்னார். சர்க்கார் ஆட்கள் நேராக உள்ளே போய் அந்தச் சுவரை இடித்தார்களாம். பின்னால் இருந்தது அடுத்த போகத்துக்கான விதைநெல். அதையும் விட்டு வைக்கவில்லை. சுவரெழுப்பிய பண்ணையாள்தான் காட்டிக்கொடுத்தான் என்று குடியானவர் அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். ஊரில் வேறு யாரும் அந்தப் புருஷன் பெண்சாதிக்கு வேலை கொடுக்கவில்லை.

பேராசிரியரிடம் ஓடினேன். நான் கொடுத்த தாள்கள் தன் மேஜையை விட்டு எங்கும் போகவில்லை என்றார். மூக்குக் கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார், என்னைப் பார்க்கவில்லை. அது உண்மையா பொய்யா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மறுநாள் அந்தச் சிற்றூருக்குப் போனேன். எழுதியது நான்தான் என்று குடியானவரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“தம்பி, நீங்க எங்க வூட்ல சாப்ட்டவரு, செய்ய மாட்டீங்க. அவன் பொண்டாட்டி வந்து அழுதிருப்பா. அவங்களுக்காகப் பழிய நீங்க ஏத்துக்கினு வர்றீங்க.”

என் குறிப்புகளுக்கு நான் எடுத்து வைத்திருந்த நகலைக் காட்டினேன்.

“இத நேத்துகூட எழுதியிருக்கலாம்” என்று திருப்பிக் கொடுத்தார்.

சேரிக்குப் போனபோது அவர்கள் பாண்டிச்சேரி மில்லில் வேலை தேடிப் போவதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்கள். அவளிடமும் சொன்னேன். கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன்.

“நீங்களோ வேற யாரோ, போவட்டும். இத்தினி வருசம் அவரு நெலத்துல ஒழைச்சோம். ‘நீயா சொன்னே’ன்னு ஒரு வார்த்த கேக்கலியே” என்றாள்.

அவள் புருஷன் என் பக்கம் திரும்பவே இல்லை. பெரிய மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு விழுப்புரம் சாலையை நோக்கி நடந்தார். அவள் இடுப்பில் இருந்த மூட்டையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினேன்.

“வேணாங்க. பாக்கறவங்க அதுக்கும் எதனா சொல்லுவாங்க.”

அவர்கள் சாலையில் மறையும்வரை அங்கேயே நின்றேன். ஊர்க்கோடியில் இருந்த குடியானவர் வீட்டுக் கதவோரம் யாரோ நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.