கழுவாத குழாய்

என் மேசை இழுப்பறையில் ஓர் எஃகுக் குழாய் கிடக்கிறது. சாண் நீளம்கூட இல்லை. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் நுழையாது. தொண்ணூறுகளில் மலாக்கா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் நான் வேதியியலாளராக இருந்தேன். நோயாளியின் இரத்தத்திலிருந்து மருந்தைப் பிரித்துக் காட்டும் இயந்திரத்தில் இருந்த குழாய் இது. இதைத் தொட்டால் எங்கள் மேலாளரின் முகம் நினைவுக்கு வரும். வயிறு குளிரும்.

இரத்தத்தில் உள்ள புரதம் குழாயை அடைக்கும் என்பதால் முதலில் அதை நீக்குவோம். அதற்கே பாதி நாள் போய்விடும். சோப்பு வகைத் தூள் ஒன்றைப் போதிய அளவு தண்ணீரில் கரைத்தால், அதன் மூலக்கூறுகள் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரளும், மைசெல் என்பார்கள். அந்தத் திரவத்தையே இயந்திரத்தில் ஓடவிட்டால் புரதம் கரைந்தபடியே வெளியேறிவிடும். நான் முயன்று பார்த்தபோது மேலாளர் எல்லார் முன்பும் சிரித்தார்.

“என்னாம்மா, மெஷின்ல சோப்புத் தண்ணி ஊத்துற? செலண்டார் தோட்டத்துல துணி தொவச்ச பழக்கம் இன்னும் போவலியா?”

அந்த ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவி என்னைப் படிக்கவைத்தவள் என் அம்மா. பற்றிக்கொண்டு வந்தது.

முறை பலித்தது. அதை நம்பித்தான் பதவி உயர்வு கேட்டிருந்தேன். ஆனால் தலைமையகத்துக்குப் போன அறிக்கையில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. தலைமையகத்தார் பார்க்க வந்தபோது என்னை ஓரமாக நிற்கச் சொல்லிவிட்டு, தானே திரவம் கலக்கினார். திரவத்தில் சோடியம் உப்புதான் சேர்க்க வேண்டும், பொட்டாசியம் உப்பு ஆகாது, குளிரில் அந்தத் தூளை உறையவைத்துவிடும் என்று முன்பே சொல்லியிருந்தேன். “எல்லாம் உப்புதான்லா” என்றிருந்தார். அன்று அவர் கை பொட்டாசியம் டப்பாவுக்குப் போவதைப் பார்த்தேன். இரண்டாம் முறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சூட்டோடு கலக்கியதால் திரவம் தெளிவாகத்தான் இருந்தது. குளிரூட்டிய அறையில் குழாய்க்குள் போனதும் வெள்ளையாக உறைந்துவிட்டது. இயந்திரம் அலறி நின்றது. விருந்தினர் முன்னால் அவருக்கு வியர்த்துக் கொட்டியது.

“என்னாச்சும்மா?”

“எனக்கென்ன தெரியும் சார்? தோட்டத்துல துணி தொவச்ச ஆளு நான்.”

குழாயை அவர் குப்பையில் எறிந்தார். நான் எடுத்துக்கொண்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துக் கழுவினால் அடைப்பு கரைந்துவிடும். அன்றே எனக்குத் தெரியும். இப்போது சொந்தமாக ஆய்வுக்கூடம் நடத்துகிறேன், வெந்நீருக்குப் பஞ்சமில்லை. தங்கா பத்து ஊரில் அந்த மேலாளர் முடியாமல் படுத்திருப்பதாகப் போன வாரம் கேள்விப்பட்டேன். இழுப்பறையைத் திறந்து குழாயைப் பார்த்தேன். மூடிவிட்டேன்.